ஒரு துண்டு மைசூர்பாகு, ஒரு டின் டயட் கோலா

சர்க்கரை நோய் என்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்த வாரத்தில் பெரும்பாலான வீடுகளில் ஒரே மாதிரிதான் நடக்கிறது. டப்பாவில் இருந்த லட்டும் மைசூர்பாகும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போகின்றன. காப்பியில் சீனி நின்றுவிடுகிறது. ஃபிரிட்ஜில் நாலைந்து டின் டயட் கோலா வந்து சேர்கிறது. மதியத் தட்டில் சோறு மட்டும் பழைய உயரத்திலேயே இருக்கிறது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எண் நினைத்த அளவு இறங்கவில்லை. “நான்தான் இனிப்பைத் தொடுவதே இல்லையே” என்று அவர் சொல்வதில் பொய் கிடையாது. உண்மையாகவே வாயைக் கட்டியிருக்கிறார். ஆனால் கணக்கின் பெரிய தொகை வேறு இடத்தில் இருந்திருக்கிறது.

அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதப் போகிறேன். இனிப்பு சாப்பிடலாமா, டயட் சோடா குடிக்கலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று ஒற்றைச் சொல்லில் விடை சொல்வதால்தான் புதிதாக நோய் தெரிந்தவர்கள் குழம்பிப் போகிறார்கள். எவ்வளவு, எப்போது, எதற்குப் பதிலாக என்று சொன்னால்தான் அந்த விடை அடுக்களையில் பயன்படும்.

முதலில் சொற்கள். கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்றும், ரத்தத்தில் இருப்பதைச் சுகர் என்றும் எழுதுகிறேன். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. சோறு, இட்லி, சப்பாத்தி, உருளைக்கிழங்கு, பால், பழம், சீனி எல்லாவற்றிலும் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) இருக்கிறது. அவை எல்லாமே செரித்த பின் ரத்தத்தில் சுகரைக் கூட்டுகின்றன. நாக்கில் இனித்தது எது, இனிக்காதது எது என்று குடல் பார்ப்பதில்லை.

இங்கே சொல்வது பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவுக்கு. வெறும் வயிற்றில் சுகர் 126 அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று கண்டுபிடிக்கப்படுவது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு செய்யக் கூடாது. இன்னொன்றும் எடுத்து உறுதிப்படுத்த வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்குச் சாப்பாட்டின் மாவுச்சத்தை எண்ணி அதற்கேற்ப இன்சுலின் போடுவார்கள். அது வேறு கணக்கு. சில வாரங்களிலேயே உடல் மளமளவென்று இளைத்து, தாகமும் வாந்தியும் சேர்ந்திருந்தால் சாப்பாட்டுக் கட்டுரை படிக்கும் நேரம் அதுவல்ல. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது கிராம் கணக்கு. மைசூர்பாகுக்கு வீட்டில் வைக்கும் அளவு ஒரு கப் கடலை மாவுக்கு இரண்டு கப் சீனி. மாவு 100 கிராம், சீனி 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மாவில் ஏறத்தாழ 58 கிராம் மாவுச்சத்து, சீனி முழுவதுமே மாவுச்சத்து, மொத்தம் 458. தட்டில் கொட்டி 24 துண்டு போட்டால் ஒரு துண்டுக்கு 19 கிராம். ரவா கேசரிக்கு ஒரு கப் ரவை, ஒன்றரைக் கப் சீனி. பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 42 கிராம். சர்க்கரைப் பொங்கல் இதையும் தாண்டும்: 200 கிராம் பச்சரிசி, 50 கிராம் பாசிப்பருப்பு, 350 கிராம் வெல்லம் போட்டுப் பத்துக் கிண்ணம் வைத்தால் ஒரு கிண்ணத்துக்குச் சுமார் 50 கிராம்.

மதியச் சாப்பாட்டுக்கு வருவோம். வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை போட்டுச் சாப்பிடுபவர் தட்டில் 300 கிராம் சோறு சாதாரணமாக வந்துவிடும். அது 84 கிராம். நாலு துண்டு மைசூர்பாகுக்கும் மேல். காலையில் நாலு இட்லி என்றால் இன்னொரு 40 கிராமுக்கு மேல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வில், இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று கண்டார்கள். இனிப்பை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை அப்படியே வைத்திருப்பவருக்கு ஹெச்பிஏ1சி ஏன் அசையவில்லை என்பதற்கு இந்த எண்ணிக்கையே போதும்.

இதைச் சொன்னதும் சிலர், “அப்போ நாலு மைசூர்பாகு சாப்பிட்டுச் சோற்றை விட்டுவிடலாமா?” என்று கேட்பார்கள். கூடாது. நாலு துண்டில் சீனியோடு நெய்யும் இருக்கிறது; நார்ச்சத்தும் காய்கறியும் இல்லை. ஆனால் ஒரு துண்டு சாப்பிட ஆசைப்படுகிற அன்று, அந்த 19 கிராமுக்குச் சமமான சோற்றை, அதாவது 70 கிராம் அளவுக்கு ஒரு சின்னக் கரண்டியை, தட்டிலிருந்து எடுத்துவிடலாம். கூடுதலாகச் சாப்பிடுவது வேறு, ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது வேறு. இனிப்பை முழுக்க விலக்கச் சொல்லும் அறிவுரை பெரும்பாலானவர்களிடம் ஆறு வாரம்கூட நிற்பதில்லை என்பது என் எண்ணம். விட்டதும் முழு டப்பாவும் காலியாகிறது. அளந்து சாப்பிடப் பழகியவருக்கு அந்த நிலை வருவதில்லை.

அளக்க ஒரு சமையல் தராசு வாங்கிவிடுங்கள். வாழ்நாள் முழுக்க நிறுத்துச் சாப்பிட வேண்டியதில்லை. இரண்டு வாரம் சோற்றையும் இட்லியையும் இனிப்பையும் நிறுத்துப் பார்த்தால் போதும், பிறகு கண்ணே அளந்துவிடும். ஸ்பூன் கணக்கில் ஏமாற வேண்டாம்: தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சீனி 4 கிராம்தான், ஆனால் நம் வீடுகளில் குவித்துப் போடும் ஸ்பூன் 6, 7 கிராம் வரை போகும்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம், தேன் இவற்றைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். சுகர் ஏறுவதைப் பொறுத்தவரை இவை சீனியின் நெருங்கிய உறவுகள். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கும் அதே பொருள். தேன் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்தது. வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறது என்பது உண்மை, ஆனால் அதற்காக வெல்லம் தின்பவர் கீரையில் கிடைக்கும் இரும்பை அதிக விலைக்கு வாங்குகிறார். ‘கருப்பட்டி காப்பி சுகருக்கு நல்லது’ என்று எழுதி வைத்திருக்கும் கடைகளைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அதை நம்பி ஒரு நாளைக்கு நாலு தம்ளர் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். சுவைக்காகக் கருப்பட்டி வேண்டும் என்றால் குடியுங்கள். கணக்கில் சீனி என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

எப்போது சாப்பிடுவது என்பதும் எவ்வளவு என்பதைப் போலவே முக்கியம். மாலை நாலு மணிக்கு வெறும் வயிற்றில் காப்பியோடு ஒரு லட்டு என்பதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம். வயிற்றில் வேறு எதுவும் இல்லாததால் சீனி வேகமாகக் குடலுக்கு இறங்கி, சுகர் செங்குத்தாக ஏறும். அதே லட்டை மதியச் சாப்பாட்டின் கடைசியில், கூட்டு, பொரியல், பருப்பு அல்லது மீன், முட்டைக்குப் பிறகு சாப்பிட்டால் ஏற்றம் மட்டுப்படும். நார்ச்சத்தும் புரதமும் முதலில் போனால் வயிறு காலியாகும் வேகம் குறைகிறது. கல்யாணப் பந்தியில் இனிப்பை முதலில் வைத்து, முதலில் அதைத்தான் தொட வேண்டும் என்பது வழக்கம். மரியாதைக்கு ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டு மீதியை இலையின் ஓரத்தில் வைத்துக் கடைசியில் சாப்பிடலாம். யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை.

சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிட நடை உண்மையிலேயே வேலை செய்கிறது. அசையும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. நியூசிலாந்தில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் செய்து 2016இல் வெளியான ஆய்வில், நாளில் ஏதோ ஒரு நேரம் 30 நிமிடம் நடப்பதைவிட மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடப்பது சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகரைக் கூடுதலாகக் குறைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின்தான் அந்த வித்தியாசம் அதிகம் தெரிந்தது. மாடியில் நடந்தாலும் தெருவில் நடந்தாலும் ஒன்றுதான்; சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும்.

இத்தனை சொன்னாலும் உங்கள் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை, வீட்டில் சுகர் பார்க்கும் உங்கள் குளுக்கோமீட்டரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். இனிப்போடு கூடிய சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை குத்திப் பாருங்கள். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. இரண்டுக்கும் வித்தியாசம் 40, 50க்குள் இருந்து, பின் எண் 180க்குக் கீழே நின்றால் அந்த அளவு உங்களுக்குத் தாங்குகிறது. 80, 90 ஏறியிருந்தால் அடுத்த முறை பாதித் துண்டு, அல்லது சோறு இன்னும் ஒரு கரண்டி குறைவு. நெய் மிதக்கும் அல்வா, மைசூர்பாகு போன்றவற்றுக்கு மூன்றாவது மணி நேரத்திலும் ஒரு முறை பாருங்கள். கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், இரண்டு மணி நேரத்தில் நல்ல எண்ணைக் காட்டிவிட்டு அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகலாம்.

குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து உலர்த்துங்கள். ஜிலேபியைத் தொட்ட விரலில் ஒட்டியிருக்கும் பாகு, சின்ன ரத்தத் துளியில் கலந்து 150ஐ 250 ஆக்கிக் காட்டிவிடும். அதைப் பார்த்துப் பயந்து கூடுதல் மாத்திரை போட்டுக்கொள்வது ஆபத்து. மீட்டரின் பிழை அளவையும் மனத்தில் வையுங்கள்: 100க்கு மேல் 15 சதவீதம் வரை கூடக் குறையக் காட்டுவதைத் தரநிலையே அனுமதிக்கிறது. 180 என்று காட்டினால் உண்மை 160ஆகவும் இருக்கலாம், 200ஆகவும் இருக்கலாம். ஒரு எண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல், அதே சாப்பாட்டை மூன்று நாள் சோதித்துப் பாருங்கள்.

அடுத்தது ‘சுகர் ஃப்ரீ’ இனிப்பு. பெரிய இனிப்புக் கடைகளில் தனி அலமாரியே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாத பொருளைத்தான் அப்படி அழைக்கலாம். ஆனால் விதி பேசுவது சர்க்கரையைப் பற்றி மட்டும். மைதா, கோதுமை, அரிசி மாவு அதே அளவில் உள்ளே இருக்கும். சுகர் ஃப்ரீ பிஸ்கட்டின் பின்பக்கத்தைத் திருப்பினால் மொத்த மாவுச்சத்து 100 கிராமுக்கு 65, 70 என்று அச்சிட்டிருப்பார்கள். ‘சேர்த்த சர்க்கரை இல்லை’ என்ற பேரீச்சம்பழ உருண்டையும் அப்படித்தான். பேரீச்சையில் முக்கால் பங்கு வரை இயற்கையான சர்க்கரை. பெரிய மெஜூல் பழம் ஒன்றிலேயே 18 கிராம் மாவுச்சத்து. ஒரு மைசூர்பாகுத் துண்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

சர்க்கரைக்குப் பதிலாக அதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். மால்டிட்டால் 965, சார்பிட்டால் 420 என்ற எண்கள் இருந்தால் அவை சர்க்கரை ஆல்கஹால்கள் (பெயரில்தான் ஆல்கஹால், சாராயம் அல்ல; இனிப்புச் சுவைக்காகச் சேர்ப்பவை). மால்டிட்டால் சுகரை ஏற்றவே ஏற்றாது என்பது தவறு. சீனியைவிடக் குறைவாக ஏற்றும், அவ்வளவுதான். இன்னொரு தொல்லை, இவை முழுக்கச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். சிலருக்கு 20 கிராமே போதும். நோய் தெரிந்த புதிதில் பெரும்பாலானவர்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை தொடங்கியிருப்பார்கள். அதுவும் முதல் சில வாரம் வயிற்றைக் கலக்கும். இரண்டும் சேர்ந்தால் ஓட்டம் நிற்காது. பழியெல்லாம் மாத்திரையின் தலையில் விழும், தேவையான மருந்தை நிறுத்திவிடுவார்கள். வயிறு கெட்டால் முதலில் நிறுத்த வேண்டியது அந்த இனிப்பை.

வீட்டிலேயே இனிப்பூட்டி (சீனி இல்லாமல் இனிப்பு மட்டும் தரும் பொருள்) போட்டுச் செய்யலாம் என்றால், எது முடியும் எது முடியாது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். மைசூர்பாகு வராது. சீனி அங்கே இனிப்புக்காக மட்டும் இல்லை. கம்பிப் பாகாகி, ஆறும்போது இறுகி, துண்டுக்கு உடம்பைக் கொடுப்பதே அதுதான். சுக்ரலோஸ் சீனியைப் போல 600 மடங்கு இனிப்பு, ஒரு சிட்டிகை தூளில் பாகு காய்ச்ச முடியாது. பால் பாயசம் நன்றாக வரும். பாலை முக்கால் பங்காகச் சுண்டக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பின் இனிப்பூட்டியைச் சேருங்கள். இனிப்பூட்டிகளில் அஸ்பார்டேம் கொதியில் சிதைந்து இனிப்பை இழக்கும். சுக்ரலோஸும் ஸ்டீவியாவும் பாயசச் சூட்டைத் தாங்கும். ஜவ்வரிசியைத் தவிருங்கள், அது கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து.

இனி குடிக்கும் விஷயம். இதில் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். இனிப்புக்கு இடம் கொடுக்கலாம், சீனி கரைத்த பானத்துக்குக் கூடாது. 300 மில்லி சாதாரண கோலாவில் 30 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது. மென்று விழுங்க வேண்டியதில்லை, நார் இல்லை, கொழுப்பு இல்லை. இரண்டு நிமிடத்தில் உள்ளே போய் அரை மணியில் ரத்தத்தில் இருக்கும். வயிறு நிறைந்த உணர்வும் வராது என்பதால் சோறு ஒரு பருக்கைகூடக் குறையாது. கரும்புச் சாறு, ரோஸ் மில்க், பன்னீர் சோடா, பவண்டோ, சீனி போட்ட ஆரஞ்சு ஜூஸ் எல்லாம் இதே வரிசைதான்.

நோய் கண்டுபிடிக்கப்படும் நாட்களில் இது உயிருக்கே ஆபத்தாகும். ரத்தத்தில் சுகர் ஏறத்தாழ 180ஐத் தாண்டும்போது சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த முடியாமல் வெளியே விடுகிறது. சுகர் போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம். வெயில் என்று நினைத்து அந்தத் தாகத்துக்கு ஜூஸும் கோலாவும் குடித்தால் சுகர் 300லிருந்து 500க்குப் போகும், தாகம் இன்னும் கூடும். கோடையில் முதல் முறையாக மயங்கி விழுந்து மருத்துவமனைக்கு வருபவர்களில் இப்படி வருபவர்களும் உண்டு. அந்தத் தாகத்துக்கு மருந்து தண்ணீர், மோர், பிறகு மருத்துவர்.

இந்த இடத்தில்தான் டயட் சோடாவுக்கு ஒரு நியாயமான வேலை இருக்கிறது. தினமும் இரண்டு பாட்டில் கோலா குடித்துப் பழகியவர் நாளைக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் டயட்டுக்கு மாறினால் அந்த நாளிலிருந்தே 60 கிராம் சீனி குறைகிறது. டயட் கோலா தன்னளவில் சுகரை ஏற்றுவதில்லை. குடித்துவிட்டுச் சோதித்துப் பார்க்கலாம், எண் அசையாது. அசைந்தால் கூடவே சாப்பிட்ட மிக்சரைப் பாருங்கள்.

எந்த டின் என்று பார்த்து வாங்க வேண்டும். பின்பக்கத்தில் மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை என்ற இரண்டு வரியும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இப்போது சில சாதாரண பானங்களிலும் சீனியைக் குறைத்து, கூடவே இனிப்பூட்டியும் போடுகிறார்கள். 950 என்றால் அசெசல்ஃபேம், 951 அஸ்பார்டேம், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. இந்த எண்களைப் பார்த்த உடனேயே சீனி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். டானிக் வாட்டர் கசந்தாலும் அதில் சீனி உண்டு. வெறும் சோடாவில் இல்லை. தியேட்டரிலும் ஓட்டலிலும் கண்ணாடித் தம்ளரில் ஊற்றித் தரும்போது மாறிப் போக வாய்ப்பு அதிகம். சந்தேகம் இருந்தால் ஒரு துளியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துக் காய விடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் சீனி போட்டது.

‘ஃபினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு அல்ல’ என்று டின்னில் இருக்கும் எச்சரிக்கையைப் பார்த்துச் சுகர் நோயாளிகளுக்குத்தான் சொல்கிறார்கள் என்று பயப்படுபவர்கள் உண்டு. அது பிறவியிலேயே வரும் அபூர்வமான வேறொரு நோய். புற்றுநோய்ப் பயமும் பரவலாக இருக்கிறது. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமைப் ‘புற்றுநோய் உண்டாக்கக் கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. அதே நாளில் உணவுச் சேர்க்கைப் பொருட்களுக்கான நிபுணர் குழு, நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. டின்னுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் என்று கொண்டால், 70 கிலோ எடை உள்ளவர் ஒரு நாளில் 9 முதல் 14 டின் வரை குடித்தால்தான் அந்த வரம்பைத் தாண்டுவார். ஒரு டின் குடிப்பவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எடை குறைக்க இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று அந்நிறுவனம் அதே ஆண்டு மே மாதம் சொன்ன பரிந்துரையும் ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

ஆனால் பெரிய பலனையும் எதிர்பார்க்காதீர்கள். சென்னையின் அதே ஆராய்ச்சி அறக்கட்டளை 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 179 பேரில் ஒரு பிரிவினர் 12 வாரம் காப்பி, டீயில் சீனிக்குப் பதில் சுக்ரலோஸ் போட்டுக் குடித்தார்கள். எடையும் இடுப்புச் சுற்றளவும் சிறிதளவு குறைந்தன. ஹெச்பிஏ1சியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காப்பிச் சீனியைவிடத் தட்டில் இருப்பது எவ்வளவு பெரிது என்பதற்கு இதையும் ஒரு சாட்சியாகவே நான் படிக்கிறேன். டயட் சோடாவில் உண்மையான கேடு, ‘டயட்தானே குடிக்கிறோம்’ என்ற தைரியத்தில் பிரியாணி இன்னொரு கரண்டி விழுவது. அதோடு நாக்கு அதே தித்திப்பிலேயே பழகிக் கிடப்பது. அமிலத்தன்மை பல்லை அரிப்பதும் உண்டு. சுகர் உள்ளவருக்கு ஈறு ஏற்கெனவே பலவீனம், அதனால் நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கக் கூடாது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் கறுப்பு நிறக் கோலாவை டயட்டாக இருந்தாலும் தவிர்க்க வேண்டும், அதில் பாஸ்பேட் இருக்கிறது.

என் கணக்கு இது: முதல் மாதம் நாளுக்கு ஒரு டின், அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு விசேஷத்துக்கு மட்டும். இடைவெளியை நிரப்ப நம்மிடம் நல்ல பானம் இருக்கிறது. பெட்டிக்கடையில் சால்ட் லெமன் சோடா கேளுங்கள், “சீனி வேண்டாம், உப்பும் கம்மி” என்று சொல்லி. குளிர்ச்சி, நுரை, சுருக்கென்ற புளிப்பு எல்லாம் கிடைக்கிறது. கோலாவில் பலரும் தேடுவது பெரும்பாலும் அந்தச் சுருக்கைத்தான். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பே இல்லாமல் குடிக்கலாம். காப்பியில் சீனியை ஒரே நாளில் நிறுத்தாமல் வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்தால், ஒன்றரை மாதத்தில் பழைய காப்பி தித்திப்பாகத் தெரியும். பாலிலும் 100 மில்லிக்கு 5 கிராம் அளவில் சர்க்கரை உண்டு என்பதால் தம்ளரின் அளவையும் பாருங்கள்.

தீபாவளிக்கு ஒரு தனிக் குறிப்பு. விடியற்காலையில் உடம்பு தானாகவே சில ஹார்மோன்களைச் சுரந்து இன்சுலினின் வேலையைக் கடினமாக்குகிறது. அந்த நேரத்தில், எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு, வெறும் வயிற்றில் வெல்லமும் தேனும் சேர்ந்த லேகியம், அடுத்து அதிரசம், அடுத்து நாலு இட்லி என்று போனால் ஒன்பது மணிக்கு 300ஐப் பார்க்கலாம். லேகியம் ஒரு சுண்டைக்காய் அளவு. இட்லி இரண்டோடு சாம்பார் நிறைய. இனிப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, வீட்டில் இருப்பதிலேயே உங்களுக்கு மிகவும் பிடித்தது எதுவோ அது. வந்தவர்கள் தருவதையெல்லாம் டப்பாவில் வாங்கி வையுங்கள். நன்றி சொன்னால் போதும், அங்கேயே சாப்பிட வேண்டும் என்று இல்லை.

கடைசியாக, டயட் சோடாவைத் தவறுதலாகக் கையில் எடுத்துவிடக் கூடாத ஒரு நேரம். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வேளை தவறிச் சாப்பிட்டால் சுகர் 70க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல். அப்போது 15 கிராம் வேகமான சீனி தேவை: தண்ணீரில் மூன்று, நாலு டீஸ்பூன் சீனி, அல்லது 150 மில்லி சாதாரண கோலா. 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. சாக்லேட், மைசூர்பாகு வேண்டாம், நெய் தாமதப்படுத்தும். மாத்திரை அட்டையில் வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் என்று பெயர் இருந்தால் சீனியும் கோலாவும் நேரத்துக்கு உதவாது. சீனியைக் குடல் உடைப்பதைத் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலையே. அவர்கள் வீட்டில் சுவை சேர்க்காத குளுக்கோஸ் பவுடர் இருந்தாக வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஃபிரிட்ஜில் டயட் டின்னும் சாதாரண டின்னும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இன்றைக்கே பிரித்து, சாதாரண டின் மேல் மார்க்கரால் ‘லோ சுகருக்கு’ என்று பெரிதாக எழுதி வையுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பதறி எழுந்து வருபவர் டின்னின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.